கடிதமும் ஓர் அமானிதமே

ஒரு மனிதர் மறைந்துவிட்டால் அவர் விட்டுச்சென்ற வீடு, நிலம், கடை, ரொக்கம் ஆகியவற்றில் யாருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்பதற்கு நம்மிடம் வரையறுத்த சட்டம் உண்டு. மனைவிக்கு இவ்வளவு, மகனுக்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பிரித்துவிடுகிறோம். ஆனால் அலமாரியின் அடித்தட்டில் நூலால் கட்டிவைத்த கடிதக் கட்டு ஒன்று அகப்பட்டால் அதை எவ்வாறு பிரிப்பது? எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று என்று பங்கிடக்கூடிய பொருளன்று அது.

அக்கட்டைச் சுற்றி அமரும் குடும்பத்தாரிடையே பெரும்பாலும் மூன்று குரல்கள் எழுகின்றன. “இறந்தவரின் அந்தரங்கம் நமக்கெதற்கு? எரித்துவிடுவோம்” என்கிறது ஒரு குரல். “ஊருக்கு உழைத்த மனிதர், அவருடைய கடிதங்களை அச்சிட்டால் குடும்பத்துக்குப் பெருமை” என்கிறது மற்றொரு குரல். “இருந்த இடத்திலேயே இருக்கட்டும்” என்கிறது மூன்றாவது. பெரும்பாலும் இம்மூன்றாவது குரலே வெல்கிறது. பின்னர், கரையான் தீர்ப்பளிக்கிறது.

இம்மூன்றனுள் எது முறை? இறந்தவரின் கடிதங்களைக் கையில் வைத்திருப்பவர் அவற்றுக்கு உடைமையாளரா, அல்லது பிறர் பொருளைக் காத்து நிற்பவரா? சிறிய வினாவாகத் தோன்றினும், மனிதனின் மானத்தையும் வரலாற்றின் உண்மையையும் ஒருங்கே தொடுகின்ற வினா இது. நாம் சொல்ல விழைவதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கடிதத்தைக் காப்பது பொறுப்பேயன்றி உடைமையன்று. காப்பவர் ஒன்றை வெளியிடாமல் மறைத்து வைக்கலாம். ஆனால் அதைத் திருத்துவதற்கு அவருக்கு உரிமையில்லை.

மகன் எழுதினார், தந்தை காத்தார்

நாடறிந்த ஒருவரின் கடிதங்களைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது நல்லது. அவை ஏற்கெனவே அச்சேறியவை. எவருடைய வீட்டுத் திரையையும் நாம் புதிதாக விலக்க வேண்டியதில்லை.

1905ஆம் ஆண்டு மோதிலால் நேரு தம் குடும்பத்துடன் இங்கிலாந்து சென்று, பதினைந்து வயது மகன் ஜவஹர்லாலை ஹாரோ பள்ளியில் சேர்த்துவிட்டுத் தாயகம் திரும்பினார். ஜவஹர்லால் 1907இல் ஹாரோவை விட்டுக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி சென்றார். 1912இல் பாரிஸ்டராக இந்தியா மீண்டார். இந்த ஏழாண்டுகளில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே பெரும்பாலும் பாலமாக விளங்கியவை கப்பல் தபாலில் வந்துபோன கடிதங்களே.

பள்ளிக் கடிதம் என்றால் அதில் என்ன இருக்கும்? படிப்பு இருக்கும், பணத்தேவை இருக்கும், வீட்டு ஏக்கம் இருக்கும், வயதுக்குரிய கனவும் இருக்கும். மனிதன் வானில் பறக்கத் தொடங்கியிருந்த காலம் அது. அந்த உற்சாகத்தில் ஹாரோ மாணவர் தம் தந்தைக்கு எழுதினாராம்: விரைவில் வார இறுதி விடுமுறைக்கு விமானத்தில் இந்தியா வந்து தங்களைக் கண்டு திரும்பக்கூடும் என்று. பின்னாளில் தம் தன்வரலாற்றில் நேருவே இதை நினைவுகூர்கிறார். பிற்காலத்துப் பிரதமரை அந்த வரியில் தேடினால் கிடைக்கமாட்டார். தந்தையைக் காண ஏங்கும் ஒரு சிறுவனே கிடைப்பான். அச்சிறுவனைக் காப்பதற்காகத்தான் பள்ளிக் கடிதங்களைக் காக்கவேண்டும்.

ஆனால் எல்லாக் கடிதமும் இவ்வாறு இனிப்பதில்லை. மோதிலால் அந்நாளில் மிதவாதி. மகனுக்கோ திலகர் போன்ற தீவிரப் போக்கினரிடம் நாட்டம். 1907 டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் பிளவுபட்டது. அதையொட்டிய நாட்களில் மகன் எழுதிய கடிதமொன்று தந்தையின் நெஞ்சில் தைத்தது. தங்கள் போக்கைக் கண்டு அரசாங்கம் பெரிதும் மகிழ்ந்திருக்கும் என்று எழுதியதோடு நில்லாமல், ராவ்பகதூர், ராய்பகதூர் போன்ற பட்டமொன்றை அவமதிப்பாக நீட்டினாலாவது தங்கள் மிதவாதம் சற்றுக் குறையுமோ என்னும் பொருள்படவும் மகன் கேட்டிருந்தார். தந்தைக்கு வந்த சினம் சிறிதன்று. உடனே ஊர் திரும்பச் சொல்லிவிடும் அளவுக்கு அவர் கொதித்தார் என்று தன்வரலாறு கூறுகிறது.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கருதவேண்டும். அத்தகைய கடிதத்தைப் பெற்ற எந்தத் தந்தையும் அதைக் கிழித்தெறிந்திருக்கலாம். எவரும் குறை கூறியிருக்கமாட்டார். ஆயினும் அக்கடிதம் அழியவில்லை; அக்குடும்பத்தின் பிற கடிதங்களுடன் காலத்தைக் கடந்து நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் 1920இல், பெருவருவாய் தந்த வழக்கறிஞர் தொழிலைத் துறந்து மோதிலால் ஒத்துழையாமை இயக்கத்தில் குதித்தார். 1921 டிசம்பரில் தந்தையும் மகனும் ஒரே நாளில் கைதாயினர். இந்த முடிவை அறிந்தபின் அப்பழைய கடிதத்தைப் படிக்கும்போது இரு உள்ளங்கள் நடந்துவந்த தொலைவு நமக்குத் தெரிகிறது. கோபத்தில் கிழித்திருந்தால் தந்தையின் பெருமையும் அதனோடு சேர்ந்து கிழிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 1934, 1935ஆம் ஆண்டுகளில் சிறையிலிருந்து எழுதிய தன்வரலாற்றில் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடும் நேரு, அரசாங்கம் மகிழ்ந்திருக்கும் என்று தாம் எழுதியதை மட்டுமே சொல்கிறார். பட்டத்தைப் பற்றிய ஏளனம் அங்கே இல்லை. அவர் மறைத்தார் என்று நாம் கூறவில்லை. நினைவு என்பது நல்ல உறவினரைப்போல. நம் கூர்மைகளை மழுக்கியே நமக்குக் காட்டும். கடிதமோ எழுதிய நாளின் சூட்டோடு அப்படியே உறைந்துவிடுகிறது. தன்வரலாறு ஒரு மனிதர் தம்மைப் பற்றித் திரும்பிப் பார்த்துச் சொல்வது. கடிதம் அவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே சொன்னது. எனவேதான் வரலாற்றுக்குக் கடிதம் இன்றியமையாததாகிறது; எனவேதான் அது அஞ்சத்தக்கதாகவும் ஆகிறது.

நகராட்சித் தலைவரின் தபால்

1923இல் ஜவஹர்லால் நேரு அலகாபாத் நகராட்சித் தலைவரானார். தேர்தலுக்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்புவரை அப்பதவிக்குத் தம் பெயரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்கிறார் அவர். ஏறத்தாழ அதே காலத்தில் சித்தரஞ்சன்தாஸ் கல்கத்தாவின் முதல் மேயராகவும், வல்லபாய் பட்டேல் அகமதாபாத் நகராட்சித் தலைவராகவும், விட்டல்பாய் பட்டேல் பம்பாய் மாநகராட்சித் தலைவராகவும் அமர்ந்தனர். நாட்டு விடுதலையைப் பேசியவர்கள் சாக்கடையையும் குடிநீர்க் குழாயையும் வரிப்பாக்கியையும் பற்றிப் பேசவேண்டியதாயிற்று.

ஊர்ப்பணியில் இருப்பவரின் தபால் பள்ளி மாணவனின் தபாலைப் போன்றதன்று. அதில் பாதி அவருக்கு வருவது; பாதி அவர் வகிக்கும் நாற்காலிக்கு வருவது. நாற்காலிக்கு வந்த கடிதமும், நாற்காலியிலிருந்து எழுதிய கடிதமும் ஊருக்கு உரியவை. ஒரு தெருவுக்கு ஏன் விளக்கு வந்தது, மற்றொரு தெருவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்க வரி கட்டுகிறவனுக்கு உரிமை உண்டு. அக்கடிதங்களைத் தலைவரின் வாரிசுகள் ‘எங்கள் வீட்டுப் பொருள்’ என்று பூட்டிவைப்பது முறையாகாது.

ஆனால் அதே கட்டுக்குள் வேறொரு வகைக் கடிதமும் இருக்கும். கணவனை இழந்த ஒருத்தி, தன் மகனுக்கு ஒரு வேலை வேண்டும் என்று எழுதியிருப்பாள். நேற்றுவரை செல்வராய் இருந்த ஒருவர், வரியைத் தள்ளுபடி செய்யுமாறு கெஞ்சியிருப்பார். பொதுத் தலைவருக்கு எழுதப்பட்டதாலேயே அவர்களின் வறுமை பொதுச்சொத்தாகிவிடுமா? ஆகாது. தலைவர் என்ன முடிவு செய்தார் என்பது ஊருக்குரியது. கேட்டவரின் பெயரும் கண்ணீரும் கேட்டவருக்கே உரியவை. ஊர்ப்பணியாளர் ஒருவரின் கடிதங்களைத் தொகுக்க முற்படுகிறவர் முதலில் பிரிக்கவேண்டிய கோடு இது.

தாள் ஒருவருக்கு, சொல் ஒருவருக்கு

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்ப்போம். 1741இல் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப், தம் கடிதங்களை இசைவின்றி அச்சிட்ட பதிப்பாளர் ஒருவர்மீது வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் நீதிபதி ஹார்ட்விக் பிரபு அளித்த தீர்ப்பு இன்றளவும் அடிப்படையாக விளங்குகிறது. கடிதத்தைப் பெற்றவருக்குத் தாள் சொந்தம். ஆனால் அதை அச்சிட்டு உலகுக்குத் தரும் உரிமை அவருக்குக் கிடைத்துவிடவில்லை. அவ்வுரிமை எழுதியவரிடமே தங்குகிறது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் எழுத்துரிமையை எழுதியவரிடமே வைக்கிறது. அவர் மறைந்தபின்னும் அறுபது ஆண்டுகள் அது அவருடைய வாரிசுகளிடம் நிற்கிறது.

ஆகவே, வாப்பாவுக்கு வந்த கடிதங்கள் நம் பெட்டியில் இருப்பதாலேயே அவை முழுவதும் நம்முடையவை ஆகிவிடா. அவற்றின் சொற்களுக்கு உரியவர்கள் வேறு ஊர்களில், வேறு வீடுகளில் இருக்கிறார்கள். நம் வாப்பா எழுதிய கடிதங்களோ வேறு யார் யாருடைய பெட்டிகளிலோ கிடக்கின்றன.

சட்டம் எழுதியவரையும் பெற்றவரையும் பற்றிப் பேசுகிறது. மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர்தாம் கடிதத்தில் பேசப்பட்டவர். அவர் எழுதவுமில்லை, பெறவுமில்லை. தம்மைப் பற்றி ஒரு கடிதம் இருப்பதையே அறியார். கடன்பட்டு ஊரைவிட்டு ஓடியவர், மணமுறிந்து தாய்வீடு வந்த பெண், தவறு செய்து திருந்திய இளைஞன் ஆகியோரே பெரும்பாலும் அந்த மூன்றாமவர். நீதிமன்றத்தில் அவருக்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. அறத்தின் மன்றத்தில் முதல் நாற்காலி அவருக்கே தரப்படவேண்டும். ஏனெனில் தம் பக்கத்தைச் சொல்ல அவருக்கு ஒரு வரிகூடக் கொடுக்கப்படவில்லை.

ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்ப்பாராயின் அச்சொல் அமானிதமாகிவிடுகிறது என்னும் கருத்துடைய நபிமொழியை நம்மவர் அறிவர். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அவர் வாய்திறந்து சொல்லவேண்டியதில்லை. அந்தப் பார்வையே போதும். கடிதம் எழுதியவர் உறையின் வாயை ஒட்டுகிறாரே, அதுவும் அந்தச் சுற்றுமுற்றும் பார்த்தலேயன்றி வேறென்ன?

உருதுக் கவிஞர் மிர்ஸா காலிபின் அனுபவம் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. எதிரில் அமர்ந்து உரையாடுவது போன்ற அவருடைய கடிதங்கள் உருது உரைநடைக்கே புதுவழி காட்டியவை. 1858இல் நண்பர்கள் அவற்றைத் தொகுத்து அச்சிட விரும்பியபோது காலிப் மறுத்துவிட்டார். அவர் மறுத்ததை நண்பர்கள் மதித்தனர். பிற்பாடு அவரே மனம் மாறி இசைந்தார். முதல் தொகுப்பு 1868இல் வந்தது. அடுத்த தொகுப்பு 1869இல் அவர் மறைந்த சில வாரங்களில் வந்தது. உயிரோடு இருக்கும்போதே கேட்டால் இசைவு கிடைக்க வழியுண்டு. இறந்தபின் யாரிடம் கேட்பது? வயது முதிர்ந்த பெற்றோரிடம் சொத்தைப் பற்றிக் கேட்கக் கூசாதவர்கள், கடிதங்களை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை கேட்டுவைப்பதில் தவறில்லை.

யாரைப் புண்படுத்துகிறது?

1958இல், பிரதமராக இருந்த காலத்திலேயே, நேரு தமக்கு வந்த பழைய கடிதங்களையும் தாம் எழுதிய சிலவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு நூலாக வெளியிட்டார். அதில் 1939 மார்ச் 28ஆம் நாளிட்டுச் சுபாஷ் சந்திரபோஸ் எழுதிய மிக நீண்ட கடிதம் இடம்பெற்றிருக்கிறது. திரிபுரி காங்கிரஸ் கொந்தளிப்புக்குப் பின் எழுதப்பட்ட அக்கடிதம் நேருவின் போக்கையும் குணத்தையும் வரிக்கு வரி குற்றம் சாட்டுவது. போஸ் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. அதிகாரம் முழுவதும் நேருவின் கையில் இருந்தது. அக்கடிதத்தை ஒதுக்கியிருந்தால் கேட்பார் யாருமில்லை. தம்மைக் குத்துகின்ற அக்கடிதத்தையும், ஏப்ரல் 3ஆம் நாள் தாம் எழுதிய மறுமொழியையும் அருகருகே வைத்தார் அவர்.

இதிலிருந்து நமக்கொரு அளவுகோல் கிடைக்கிறது. ஒரு கடிதம் வெளிவந்தால் யாருக்கு வலிக்கும் என்று கேட்கவேண்டும். காப்பவராகிய நமக்கு வலிக்குமென்றால் அதை வெளியிடுவது நேர்மை. பிறருக்கு வலிக்குமென்றால் அதை நிறுத்திவைப்பது கண்ணியம். உலக வழக்கோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. நம் குடும்பத்தைக் குறைகூறும் கடிதம் ‘காணாமற்’ போகிறது. பங்காளியைக் குறைகூறும் கடிதம் பத்திரமாக இருந்து, வழக்குமன்றம்வரை வருகிறது.

அப்படியானால் பிறரைப் புண்படுத்தும் உண்மை என்றென்றும் புதைந்துபோக வேண்டுமா? இங்கே மௌலானா அபுல் கலாம் ஆசாத் ஒரு வழி காட்டினார். அவர் மறைந்தபின் 1959இல் வெளிவந்த அவருடைய விடுதலைப் போராட்ட வரலாற்று நூலில் சுமார் முப்பது பக்கங்கள் சேர்க்கப்படவில்லை. முத்திரையிட்டுக் கல்கத்தா தேசிய நூலகத்திலும் டில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் அவை ஒப்படைக்கப்பட்டன. முப்பது ஆண்டுகள் கழிந்து 1988இல்தான் அவை திறக்கப்பட்டன. அவை கடிதங்கள் அல்ல என்பது உண்மை. எனினும் அந்த ஏற்பாட்டின் அறம் கடிதங்களுக்கும் பொருந்தும். எரிப்பதற்கும் அச்சிடுவதற்கும் நடுவே காத்திருத்தல் என்றொரு வழி உண்டு. காலம் ஒரு திரை. காயம்பட்டவர்களும் காயப்படுத்தியவர்களும் சென்றுவிட்டபின் அதே சொற்கள் பழியாக இராமல் படிப்பினையாக மாறுகின்றன.

நேருவின் பள்ளிப் பருவக் கடிதங்களும் இவ்வாறு காத்திருந்தவையே. அவர் 1964இல் மறைந்தார். சென்னையில் பிறந்த வரலாற்றாசிரியர் எஸ். கோபாலின் பொறுப்பில் தேர்ந்தெடுத்த நூல்வரிசையின் முதல் தொகுதி 1972இல் வெளிவந்தபோது ஹாரோ மாணவரை நாடு இன்னும் நெருக்கமாக அறிந்தது.

எரிப்போர் சொல்வதும் சரியா?

‘எரித்துவிடுவோம்’ என்ற குரலை நாம் அலட்சியப்படுத்தவில்லை. அதில் நாணம் இருக்கிறது. இறந்தவர்பால் பரிவும் இருக்கிறது. கணவனும் மனைவியும் தம்முள் எழுதிக்கொண்டவை அவ்விருவரோடு போகவேண்டும் என்று பிள்ளைகள் கருதினால் அவர்களை நாம் குறைகூற மாட்டோம். எழுதியவரே ‘படித்ததும் கிழித்துவிடு’ என்று கேட்டிருப்பின் வரலாற்றின் பெயரால் அவ்வேண்டுகோளை மீறுவதும் முறையன்று. மறைத்தல் சில வேளை கடமையாகவே ஆகிறது.

ஆனால் மறைப்பது வேறு, மாற்றுவது வேறு. மறைத்தவர் வாய்மூடி இருக்கிறார். மாற்றியவர், இறந்தவரின் வாயில் தம் சொல்லை வைக்கிறார். சினந்து எழுதிய வரியை நீக்கிவிட்டு, நீக்கியதையும் சொல்லாமல் அச்சிடுவது. பள்ளி மாணவனின் பிழைகளைத் திருத்தி அவனை அறிஞனாக்கிக் காட்டுவது. பெரியவர் பிற்காலத்தில் வெறுத்த ஒன்றை இளமையில் விரும்பியதாக இருக்கும் கடிதத்தை மட்டும் உருவிவிடுவது ஆகிய யாவும் அமானித மோசடியே. சில கடிதங்களை விட்டுவிட்டோம் என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும், வாசகர் ஏமாறமாட்டார்.

இளமையில் இளைஞனாக இருக்க ஒருவருக்கு உரிமையுண்டு. பதினெட்டு வயதில் தந்தையை ஏளனம் செய்த மகன் பின்னர் அத்தந்தையோடு ஒரே நாளில் சிறை புகுந்தார். தொடக்கத்தை அழித்துவிட்டால் முடிவின் அருமை தெரியாது. பிழையே செய்யாத பெரியவரைப் படைத்துக் காட்டினால் நம் பிள்ளைகள் அவரை வணங்குவார்கள், பின்பற்றமாட்டார்கள்.

நம் வீட்டுப் பெட்டிகள்

கடற்கரையோர முஸ்லிம் ஊர்களில் சபுர் போகாத ஆண்மகன் இருந்த வீடு அரிது என்னும் காலம் ஒன்றிருந்தது. ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த கடிதங்களே அவ்வீடுகளில் கணவனாகவும் தந்தையாகவும் இருந்தன. 1942 முதல் 1945 வரை ஜப்பானிய ஆக்கிரமிப்பில் பர்மாவோடும் மலாயாவோடும் வழக்கமான அஞ்சல் துண்டிக்கப்பட்டிருந்தது. போர் முடிந்து வந்த முதல் கடிதத்துக்கு அவ்வீடுகளில் என்ன விலை இருந்திருக்கும்! அத்தகைய கடிதங்களுள் பல அரபுத் தமிழில் எழுதப்பட்டவை. அவ்வெழுத்தைப் படிக்க வல்லவர்கள் குறைந்துவருகிறார்கள். கடிதம் இருந்தும் ஊமையாகிவிடும் நாள் தொலைவில் இல்லை.

எனவே இப்போதே செய்யத்தக்கவை சில உண்டு. உறைகளை எறிந்துவிடாதீர்கள், நாளிடாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரையே நாள். துருப்பிடிக்கும் குண்டூசியையும் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் வளையத்தையும் நீக்கிவிடுங்கள். கண்ணாடித்தாளை உருக்கி ஒட்டவேண்டாம். பின்னர் பிரிக்க இயலாது. அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே படிக்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். படிப்பவர், பேசப்பட்டவரின் மானத்தைக் காப்பவராக இருக்கட்டும். கட்டின்மீது ஒரு தாளில் யார் யாருக்கு எழுதியவை, எவற்றை எத்தனை ஆண்டுகள் திறக்கலாகாது என்று குறித்து வையுங்கள். ஊர்ப்பணி பற்றியவற்றை ஊரின் நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ தருவது பற்றிக் குடும்பத்தார் கூடி முடிவெடுங்கள்.

இன்று செய்தி கைபேசியில் வருகிறது. கைபேசி மாறும்போது போய்விடுகிறது. நம் பேரப்பிள்ளைகளுக்கு அவிழ்த்துப் பார்க்கக் கட்டு ஏதும் இராமற் போகலாம். ஆகவே முன்னோர் விட்டுச்சென்ற கட்டுகளே இவ்வகையில் கடைசியானவையாக இருக்கக்கூடும். பெட்டியின் சாவி நம்மிடம் இருக்கிறது. உள்ளே இருக்கும் சொற்களுக்கு உரியவர்களோ இன்று வாய்திறக்க இயலாதவர்கள். அமானிதத்தின் தன்மையே அதுதான். கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில்தான் காப்பவரின் நேர்மை அளக்கப்படுகிறது.